ஒரு ஆள் மெஷின்

மரம் கடையும் மெஷின் வாங்கப் போகிறேன் என்றதும் என் கொழுந்தன் தர்மேந்திரன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். அண்ணன் செத்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அண்ணிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் என் கவலை. பசித்தது, தின்றேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். டிவி நாடகம்கூடப் பார்த்தேன். அழுகை மட்டும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. மரத்துப்போனவள் மரம் கடையப் போகிறாளாம் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து வெட்டும் மெஷின் இரண்டு ஆள் மெஷின். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கம் பிடித்தவர் என் வீட்டுக்காரர் மகேஸ்வரன். அவர் போன பிறகு, ஆள் கணக்கு எழுதும் கிராணி எனக்கு வேறு ஜோடி போட்டுக் கொடுத்தார். அந்த ஜோடி ஒரு நாள் வரும், மறுநாள் வராது. வராத நாளில் எனக்கும் சம்பளம் கிடையாது. போதும், இனி அடுத்தவர் கையைப் பார்த்து நிற்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டைகள் ரோட்டோரம் குவிந்து கிடந்தன, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று துரையே சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட கட்டையில் கடைந்த கிண்ணங்களைக் கியா பார்ம் சந்தைக் கடைகளில் டூரிஸ்டுகள் வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கையில் இருந்த பணம் கருமாதிச் செலவு போக மிஞ்சிய இரண்டாயிரம் வெள்ளி. தப்பான மெஷினை வாங்கிவிட்டால் அதோடு கதை முடிந்தது.

தர்மேந்திரன் லோரியில் கம்போங் ராஜா டவுனுக்குக் கூட்டிப்போனான். பழைய சாமான் கடை நல்லுசாமி அண்ணன் இரண்டு மெஷின் காட்டினார். ஒன்று பெரியது, பச்சைப் பெயிண்ட் உரிந்த கெட்டி இரும்பு. இன்னொன்று மேசைமேல் வைக்கிற மாதிரி சின்னது, புத்தம் புதுசு.

"ஒரு ஆளே ஓட்டலாமாண்ணே?" என்று முதலில் கேட்டேன்.

"ஒரு ஆள் மெஷின்தாம்மா ரெண்டும். பெருசை எடுத்துக்க. ஈப்போவுல நாற்காலி செஞ்ச பட்டறையில இருந்து வந்துச்சு. வெலயும் கம்மி. இதுல கனந்தாம்மா முக்கியம். கனம் இல்லேன்னா கட்டை சுத்துறப்ப மெஷினும் சேர்ந்து ஆடும், உளி நிக்காது."

அவர் சொன்னது நியாயம்தான். குனிந்து பெரியதன் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை.

"இதைத் தூக்க எத்தனை பேரு வேணும்?"

"நாலு பேரு."

"அப்ப வேணாம்."

தர்மேந்திரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன அண்ணி, வீட்டுல எறக்கி வச்சுட்டா அப்புறம் எதுக்குத் தூக்கப் போறீங்க? நாங்க இல்லையா? கூப்பிட்டா ஓடி வந்துட மாட்டோமா லா?"

"கூப்பிட்டேனே, தர்மா."

பாவம், அவன் என்ன செய்வான். அந்த ஞாயிற்றுக்கிழமை லயமே பிரிஞ்சாங் கோயிலுக்குப் போயிருந்தது. குளியலறையில் விழுந்தவர் "நளினி, தூக்கு" என்றார். தூக்கினேன். ஈர உடம்பு வழுக்கி வழுக்கிப் போனது. இத்தனை வருஷம் கொழுந்து மூட்டை சுமந்த தோள் என்னுடையது, கட்டின புருஷனைத் தூக்க உதவவில்லை. இவனுக்குப் போன் போட்டேன். ஓடித்தான் வந்தான். வந்து சேர்ந்தபோது தூக்குவதற்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

சின்ன மெஷினை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, நானே லோரியில் வைத்தேன். ஒரு மூட்டைக் கொழுந்தின் கனம்தான்.

நல்லுசாமி அண்ணன் தலையைச் சொறிந்தார். "பிடிவாதக்காரிதான் போ. உளியும் சாணைக்கல்லும் வாங்கக் காசு மிச்சம் வச்சுக்க, மெஷினை மட்டும் வச்சுக் கும்பிடவா முடியும்? இது ஆடும். மேசையோட கீழ்த்தட்டுல மணல் மூட்டை ஏத்திடு. ஒரு ஆள் கனம் இருந்தா அசையாது."

மறுநாள் ஆற்றோரத்தில் காலி உரச் சாக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாக மணல் அள்ளி, ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து வந்தேன். ஒரு மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்தேன், மெஷின் மேசையோடு குதித்தது. இன்னொன்று வைத்தேன். இன்னொன்று. கடைசி மூட்டையைச் செருகி ஸ்விட்சைத் தட்டினேன். கட்டை சுற்றியது. மெஷின் அசையவில்லை.

தராசு எதற்கு, தோளுக்குக் கணக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கனம் சரியாக அங்கே இருந்தது. அத்தனையும் நான் ஒருத்தியாகத் தூக்கியது. அவரையும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க முடிந்திருந்தால் என்று நினைத்தேன், அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்துவிட்டேன். மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மெஷின் சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தர்மேந்திரனுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பான்.