சாக்பீஸ் பீரோ

வீடு மாற்றும் கம்பெனியில் அவனுக்கு டேப்பு என்று பெயர். இருபது வருடமாக அடுத்தவர் சாமான்களைத் தூக்கித் தூக்கி, எதையும் ஒரே பார்வையில் அங்குல சுத்தமாக அளந்துவிடுவான். தூக்குவதற்கு முன் சாமானைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடிழுத்து, ஒரு படமும் எடுத்துக்கொள்வான். புது வீட்டில் எது எங்கே என்று சண்டை வராது.

சொந்த வீட்டுச் சாமான்களை விற்றபோதும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. முதலில் பீரோ போனது. அப்புறம் தையல் மெஷின். கடைசியாகச் சாப்பாட்டு மேசை. ஒவ்வொன்றும் வாசலைத் தாண்டியதும் தரையில் வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சியது.

மனைவிக்கு வந்த நோயின் பெயரை டாக்டரே தாளைப் பார்த்துத்தான் வாசித்தார். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருமாம்.

"கல்யாணமான புதுசுல என்ன சொன்னீங்க? பத்து லட்சத்துல ஒருத்தின்னு. உங்க வாய் முகூர்த்தம்!" என்று அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சிரித்தாள். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பாதங்கள் எங்கே இருக்கின்றன என்பதே அவளுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து நாளைக்கு ஓர் ஊசி. போட்டால் நடப்பாள். நிறுத்தினால் படுக்கைதான். ஊசி விலையில் பெரும்பங்கைக் காப்பீடு கொடுத்தது. மிச்சத்தைத்தான் பீரோவும் மேசையும் கொடுத்தன.

மேசை போன மறுநாள் அவள் அதைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளங்கை, மேசை விளிம்பு இருந்த உயரத்தில் காற்றைத் தடவியபடி போனது. குறுக்கே வந்த அவனைப் பார்த்து, "இடுப்புல இடிச்சுக்காதீங்க, சுத்தி வாங்க" என்றாள். அவனும் சுற்றி வந்தான். அதன்பிறகு இருவருமே அந்தக் கோடுகளை மிதிப்பதில்லை. சில மாலைகளில், விற்றுப்போன பீரோவின் கதவு முனகுவது அவனுக்குக் கேட்டது. அவளிடம் சொல்லவில்லை. அவள் உடம்பு போதாதென்று இவன் புத்தியும் கெட்டுவிட்டதாக அவள் பயப்பட வேண்டாமே.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து பரிசோதனைக்கு வருவதாகக் கடிதம் வந்தது. வாசற்கதவுக்கும் சமையலறை ஜன்னலுக்கும் இடையே, எதையும் பிடிக்காமல், ஆறு நிமிடத்தில் இருபது நடை. குறைந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிவிடுவார்கள். பணம் நின்றுவிடும்.

அன்று காலை, அவள் எழுந்திருக்கும் முன் டேப்பு வீட்டைத் துடைத்தான். வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாது என்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். தரை பளபளத்தது. ஒரு கோடு மிச்சமில்லை.

அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். அறை வாசலிலேயே நின்றாள்.

"ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அதிகாரி தடித்த கண்ணாடி போட்ட அம்மாள். கடிகாரத்தை அமுக்கி, "ம், நடங்க" என்றார். அவள் இரண்டடி வைத்தாள். மூன்றாவதில் கால் எங்கோ போனது. டேப்பு தாங்கிப் பிடித்தான்.

"பிடிக்கக் கூடாது சார்."

"மேடம், தப்பு என்னுது. அஞ்சே நிமிஷம் கொடுங்க. தரையில கோடு இருந்துச்சு, அதைப் பார்த்துத்தான் நடப்பா. அழகா இருக்கட்டும்னு நான்தான் துடைச்சுத் தொலைச்சேன்."

அவர் கடிகாரத்தை நிறுத்தினார். "கையில எதையும் பிடிக்கக் கூடாது. அதுதான் விதி. தரையில என்ன வேணா கிறுக்குங்க. ஆனா இன்னொரு தடவைதான்."

டேப்பு முட்டி போட்டான். ஈரத் தரையை லுங்கியால் ஒற்றிவிட்டு, சட்டைப்பையில் கிடந்த சாக்பீஸை எடுத்தான். டேப் தேவைப்படவில்லை. எத்தனை முறை தூசி தட்ட நகர்த்தியிருப்பான்! மேசை வந்தது. குட்டைக் காலுக்கு அடியில் வைத்த அட்டை மடிப்புகூட ஒரு சின்னச் சதுரமாக வந்தது. தையல் மெஷின் வந்தது.

"பீரோவ ரெண்டு விரல் உள்ள தள்ளுங்க" என்றாள் அவள், சுவரோரம் நின்றபடி.

அவன் அழித்து, தள்ளி வரைந்தான்.

அவள் நடந்தாள். எதையும் பிடிக்கவில்லை. ஆனால் கை மட்டும் மேசை விளிம்பில் போனது, மெஷினைத் தொட்டது, பீரோவில் ஒரு கணம் சாய்வதுபோல் நின்று திரும்பியது. டேப்பு உதட்டுக்குள் எண்ணினான். கடிகாரம் கூவும்போது இருபத்தொன்று.

"இன்னும் ஆறு மாசத்துக்கு" என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது கைப்பையை இடுப்போடு ஒடுக்கிக்கொண்டு, மேசையைச் சுற்றிப் போனார். போனது அவருக்கே தெரிந்ததா என்று டேப்புக்குத் தெரியவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விற்க அது ஒன்றுதான் மீதி.

"ஆறு மாசம். பன்னெண்டு ஊசி. நம்ம பங்கும் கட்டணும்ல. இதுக்கும் இப்பவே கோடு போட்டு வெச்சிடுங்க" என்றாள்.

"இப்ப என்ன அவசரம்?"

"சாக்பீஸ் கையிலதானே இருக்கு."

அவன் குனிந்து கோடிழுத்தான். அவள் தொங்கிய கால்களை இரு கையாலும் தூக்கிக்கொண்டாள். நாலாவது மூலைக்கு வந்தபோது கூடத்தில் அந்த முனகல் கேட்டது. அவன் கை நின்றது. தலையை நிமிர்த்தாமல் இருந்தான்.

"பீரோ சரியா சாத்தலை போலருக்கு. போய்ச் சாத்திட்டு வாங்களேன்" என்றாள் அவள்.

அவன் எழுந்து போனான்.