பச்சைத் தண்ணீர்

வாலுவுக்கு வால் கிடையாது. குட்டியாக இருந்தபோது கதவிடுக்கில் சிக்கி அறுந்துபோனதாம். அதன் சேட்டையைப் பார்த்து வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பத்து வயதான பிறகும், சந்தோஷம் வந்தால் இல்லாத வாலுக்குப் பதிலாக முழு உடம்பையும் ஆட்டும் நாய் அது.

மாமியார் இறந்து, மாமனாரும் வாலுவும் ஒரு தோல்பெட்டியுமாக மாஸ்டரின் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பள்ளி என்று பெரிதாக ஒன்றும் இல்லை; வாசலில் ஒரு பலகை, கிளட்ச் இல்லாத ஒரு பழைய கார், அவருடைய பொறுமை, இவ்வளவுதான். கிளட்ச் என்றாலே கை கால் உதறுகிறவர்கள் எல்லாம் அவரைத் தேடி வருவார்கள்.

மாமனார் முப்பத்திரண்டு வருஷம் ஓர் ஆலையில் பாய்லர் பார்த்தவர். காலமெல்லாம் அழுத்தமானியின் முள்ளையே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, மனிதர்களிடம் பேச்சு குறைவு. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு மாமா." "வேலை எப்படிப் போகுது?" "போகுது மாமா." இந்த ஐந்து மாதத்தில் இருவரும் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் பாதிகூட நிரம்பாது. அவர் கூடத்துக்கு வந்தால் மாஸ்டர் எழுந்து நிற்பார். மாஸ்டர் எழுந்தால் அவர் சங்கடப்பட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார்.

"ரெண்டு பேரும் இப்படியே ஒருத்தரை ஒருத்தர் துரத்திக்கிட்டு இருங்க," என்று மாஸ்டரின் மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாஸ்டர் காரை வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தி பானெட்டைத் திறந்தார். இரண்டு வேலை பாக்கி இருந்தது. ரேடியேட்டரில், எஞ்சினைக் குளிரவைக்கும் பழைய கூலண்டை இறக்கிப் புதிதாக ஊற்ற வேண்டும். கியர் ஆயிலின் அளவைப் பார்க்க வேண்டும். முதல் வேலைக்கு எஞ்சின் ஆறிக் கிடக்க வேண்டும், இரண்டாவதற்குச் சூடாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் காலையிலேயே ஆரம்பித்தார். இரவு முழுக்க நின்ற வண்டிதான் என்றாலும், ரேடியேட்டர் மூடியைக் கையால் தொட்டுப் பார்த்து, துணி போட்டுக் கால் சுற்று திருப்பி, 'உஸ்' என்ற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்த பிறகே முழுசாகத் திறந்தார். தன் விஷயத்தில் அவர் அவ்வளவு கவனம்.

அடியில் ஓர் அகலமான தட்டை வைத்துத் திருகைத் தளர்த்தினார். பச்சை நிறத்தில் கூலண்ட் கொடகொடவென்று இறங்கியது. அந்த நேரம் பார்த்து உள்ளே போன் அடித்தது.

மறுநாள் ஓட்டுநர் தேர்வுக்குப் போகவிருந்த ஒரு மாணவி. பயத்தில் அழுதுகொண்டிருந்தாள். "ஒண்ணும் ஆகாதும்மா, பிரேக் உங்க கால்லதானே இருக்கு," என்று அவளைத் தேற்றி வைக்கவே பத்து நிமிஷம் ஆனது.

திரும்பி வந்தபோது தட்டின் ஓரத்தில் வாலு நின்றிருந்தது. அவரைப் பார்த்ததும் உடம்பை ஆட்டியது. அதன் மூக்கிலும் மீசையிலும் பச்சைச் சொட்டுகள்.

மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். கூலண்ட் நாக்குக்கு இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் தேடிவந்து நக்கும், உள்ளே போனால் சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்று கேனின் மேலேயே எழுதியிருந்தது. எத்தனையோ முறை அதைப் படித்திருக்கிறார். இந்த வீட்டில் நாய் இல்லாத காலத்தில் படித்தது.

சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. வாலுவின் முகத்தைத் துடைத்துவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது; வயசான நாய்க்கு ஏதோ ஆகிவிட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். அப்படி ஒரு நினைப்பு வந்தது உண்மை. அது வந்த வேகத்திலேயே அவருக்குத் தன் மேல் அருவருப்பும் வந்தது. தட்டைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டு மாமனாரின் அறைக்கு ஓடினார்.

"மாமா, வாலு பச்சைத்தண்ணியக் குடிச்சிருச்சு!"

மாமனார் செய்தித்தாளை இறக்கினார். "குடிக்கட்டுமே மாப்பிள்ளை. வெயில் நேரம். பச்சைத்தண்ணி குடிச்சா என்ன?"

"அந்தப் பச்சைத்தண்ணி இல்ல மாமா. கார்ல ஊத்துற பச்சைத் தண்ணி. விஷம். நான்தான்... தட்டைத் திறந்து போட்டுட்டு உள்ள வந்துட்டேன்."

திட்டு விழும் என்று மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் கேட்டதோ வேறு.

"எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷத்துக்குள்ளதான்."

"எவ்வளவு குடிச்சிருக்கும்?"

"ஒரு டம்ளர் இருக்கும்."

"டாக்டர் எங்க?"

பாய்லர் அறையில் ஏதாவது கோளாறு என்றால் இப்படித்தான் கேட்டிருப்பார் போல. கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினார். பொத்தான்தான் ஒன்று மாறிப் போனது.

மாஸ்டரின் மனைவி கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். உடனே கொண்டுவரச் சொன்னார்கள். ஸ்கூட்டரில் ஏற்றினால் வாலு குதித்துவிடும். வாடகைக் காருக்குச் சொன்னால் வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். பக்கவாட்டில் நின்ற சொந்தக் காரின் ரேடியேட்டரிலோ ஒரு சொட்டு இல்லை.

மாஸ்டர் காருக்கு அடியில் புகுந்து திருகை இறுக்கினார். ஏற்கெனவே கலந்து வைத்திருந்த புதுக் கூலண்டை ஊற்றினார். மளமளவென்று ஊற்ற முடியாது. ஊற்ற ஊற்ற உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக வந்து மூச்சுவிட்டது. அது முழுசாக வெளியேற அரை மணி நேரம் எஞ்சினை ஓட விட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க ஏது நேரம்? கழுத்து வரை நிரப்பி மூடியைத் திருகினார்.

"மாமா, உள்ள காத்து மாட்டியிருக்கு. வண்டி சூடேறலாம். இந்த முள்ளு நடுவைத் தாண்டினா சொல்லுங்க. நான் ரோட்டைப் பார்க்கணும்."

மாமனார் வாலுவை மடியில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். முள்ளைப் பார்த்தார். அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது.

எஞ்சின் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதற்காக மாஸ்டர் ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். கோடைக் காலை, நான்கு ஜன்னலையும் இறக்கியும் உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"முள்ளு கால் கோட்டுல நிக்குது," என்றார் மாமனார். "கால்தான்... இப்ப ஏறுது. மெதுவா ஏறுது. நடுவுக்கு வந்திருச்சு."

"தாண்டுதா?"

"நிக்குது. மாப்பிள்ளை, மேட்டுல மிதிக்காதீங்க. பையப் போங்க."

பாலத்து ஏற்றத்தில் முள் நடுவைத் தாண்டியது. "தாண்டிருச்சு, நிறுத்துங்க!" என்ற குரல் வந்ததும் மாஸ்டர் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். மூடியைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. இந்தச் சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். மாமனாரும் அவர் கையையே பார்த்தார்.

"திறக்காதீங்க. நாலு நிமிஷம் நிக்கட்டும். அவசரப்பட்டுத் திறந்தவன் ஒருத்தனை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கேன்."

அந்த நாலு நிமிஷமும் அவர் வாலுவின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். வாலு போதையேறியதுபோலத் தலையை அசைத்தது. முள் இறங்கியது. "போகலாம்," என்றார்.

கால்நடை மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கேள்விகளை நடந்துகொண்டே கேட்டார். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். பச்சையாகத்தான் வந்தது. பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"இதுக்குன்னு ஒரு மருந்து இருக்கு. என்கிட்ட இல்ல, நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் இந்த விஷம் உடம்புல வேலை செய்யாம சாராயத்தை வெச்சுத் தடுக்கலாம். அளவு பார்த்து டிரிப்ல நான் ஏத்துவேன். ஆனா நிறமில்லாத, வாசனை சேர்க்காத சரக்கா இருக்கணும். வோட்கா கிடைச்சா நல்லது. கடை எப்போ திறக்கும்?"

"மத்தியானம்," என்றார் மாஸ்டர், கொஞ்சம் சீக்கிரமாகவே.

மாமனார் அவரைப் பார்த்தார். மாமனார் தன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. மாஸ்டர் பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி, "மாப்பிள்ளை குடிப்பீங்களா?" என்பதுதான். இல்லை என்று மாஸ்டர் அன்று சொன்னது, அந்த வாரக் கணக்குக்கு உண்மை.

வாலு மேஜையில் படுத்து, உடம்பை ஆட்டக்கூடத் தெம்பில்லாமல் மாஸ்டரைப் பார்த்தது. அவர் போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

"நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கு... ஷெட்ல, பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாலதான் வெச்சேன், எனக்குக் கிடைக்கல, நீ தேடிப் பாரு. வாலுவுக்குத்தான். டாக்டர் கேக்குறாங்க."

மனைவியின் குரல் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது. "அது அங்க இல்லைங்க. போன மாசமே எடுத்து என் மிஷின் டிராயர்ல வெச்சுட்டேன். தேடுவீங்க, கேப்பீங்க, அப்ப நல்லாக் குடுக்கலாம்னு இருந்தேன். இருங்க, வர்றேன்."

மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. மாமனார் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"அதான் மாப்பிள்ளை, ஒரு மாசமா அந்தப் பெயிண்ட் டப்பா எல்லாத்தையும் மாத்தி மாத்தி அடுக்கிட்டு இருந்தீங்களா? நான் ஏதோ வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போறீங்கன்னு நினைச்சேன்."

அரை மணி நேரத்தில் மனைவி ஸ்கூட்டரில் வந்தாள். துணிப்பையிலிருந்து வோட்கா பாட்டிலை எடுத்து, அப்பா முன்னாலேயே மருத்துவர் கையில் கொடுத்தாள். சொட்டுச் சொட்டாக வாலுவுக்கு ஏறத் தொடங்கியது. இரண்டு மூன்று நாள் இங்கேயே இருக்க வேண்டும், சிறுநீர் ஒழுங்காகப் பிரிந்தால் தப்பித்தது என்றார் மருத்துவர்.

வேலை பாக்கி இருக்கிறது என்று மனைவி திரும்பிப் போனாள். ஆண்கள் இருவருக்கும் போக மனமில்லை. மருத்துவமனை முற்றத்து வேப்பமர நிழலில் கார் நின்றது. இரண்டு மணி நேரம் ஆறியபின் மாஸ்டர் துணி போட்டு மூடியைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினார். குமிழ்கள் நின்றதும் கூலண்ட் இரண்டு விரல் இறங்கியது, நிரப்பினார். மாமனார் பக்கத்தில் நின்று, கீழே ஏதாவது சிந்துகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார்.

எஞ்சின் சூடேறியதும் மாஸ்டர் கியர் ஆயில் அளவுகோலை உருவினார். துடைக்கத் துணி தேடியபோது மாமனார் தன் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார்.

"ஐயோ, கறை போகாது மாமா."

"துடைங்க."

துடைத்து, மறுபடி விட்டு எடுத்தபோது ஆயில் தெளிந்த சிவப்பாக, கோட்டுக்குச் சரியாக நின்றது. மாமனார் மோந்து பார்த்தார். "கருகின வாடை இல்ல."

"இல்ல மாமா. நல்லா இருக்கு."

மாஸ்டர் எஞ்சினை அணைத்துவிட்டு வர, இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பிறகு மாஸ்டர் சொன்னார், "என்னால வந்தது மாமா. போன்தானேன்னு போயிட்டேன். ஒரு மூடியப் போட்டிருந்தா போதும்."

மாமனார் கைக்குட்டையை மடித்தார். "உங்க அத்தை மாத்திரை டப்பாவ நான்தான் பார்த்துக்கிட்டேன். கடைசி மாசத்துல ஒருநாள் காலை மாத்திரைய மறந்துட்டேன். அதனால ஒண்ணும் இல்ல, எப்படியும் நடந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். ஆனா எனக்கு நம்பிக்கை வரல. யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. என் பொண்ணுகிட்டகூட." கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தார். "நீங்க ஓடிவந்து உடனே சொன்னீங்க பாருங்க. அது எனக்கு வரல."

மாஸ்டர் எழுந்து நிற்கவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையில் கியர் ஆயில் பிசுபிசுத்தது. இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் மருந்து வந்தது. மூன்றாம் நாள் காலை, இரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பதாகச் சொல்லி மருத்துவர் வாலுவை முற்றத்தில் விட்டார். "ஒண்ணுக்குப் போகுதான்னு பாருங்க," என்றார். மாமனார், மாஸ்டர், அவர் மனைவி, ஒரு கம்பவுண்டர் என்று நான்கு பேர் ஒரு நாயைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாலு வேப்பமரத்தை மோந்தது. வேண்டாம் என்று நகர்ந்தது. கேட்டை மோந்தது. கடைசியில் காரின் பின்சக்கரத்தருகே போய்க் காலைத் தூக்கி, நின்று, நிதானமாக, நீளமாகப் போனது.

"போகுது, போகுது!" என்று கத்தினார் மாமனார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி மகளே கேட்டதில்லை.

"அப்பா, ஊரே பார்க்குது," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்தார். வாலு அவர் மடியில் தூங்கியது. பாலத்து ஏற்றம் வந்தபோது அவர் முள்ளைப் பார்க்கவே இல்லை; ஆலையில் பாய்லரை முதன்முதலாகப் பற்றவைத்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். கதை பெரிதாக இருந்தது. முடியட்டும் என்று மாஸ்டர் ஒரு தெருவைக் கூடுதலாகச் சுற்றினார்.