சிம்ரன் ஸ்டூல்

விக்ரம் எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி வழிந்ததும் அணைத்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிக் காய்ச்சி, டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். அரக்கு நிறச் சட்டையை இஸ்திரி போட்டான். முதலில் காலர், பிறகு கை, கடைசியில் முதுகு. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டான். கடையின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினான். வீட்டைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். வண்டியை எடுத்தான்.

ஏனாத்தூரிலிருந்து காந்தி ரோட்டில் உள்ள பட்டுக்கடைக்கு தினமும் போகிற வழிதான். இன்றைக்கு மட்டும் ரயில்வே ரோட்டில் திரும்பி மாமியார் மேரியை ஏற்றிக்கொண்டான். மேரி பைபிள் வைத்திருந்த பையை மடியில் அணைத்தபடி ஒருபக்கமாக உட்கார்ந்தாள்.

"ஏம்பா விக்கி, என்னிய இன்னாத்துக்கு வரச் சொல்லிக்கிறாங்க?"

"கடையில பூஜை அத்தை."

"யாருக்கு?"

"சிம்ரனுக்கு."

ஒரு வேகத்தடை போனது.

"எம்பொண்ணு இன்னா மாரியாத்தாவா?"

விக்ரம் தலையாட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா, பின்னால் இருந்தவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை. மனைவி செத்ததிலிருந்து அவன் கழுத்து தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கடையின் பெயரில் மூன்று சாமிகள் இருந்தார்கள். போர்டில் இடம் போதாமல் மூன்றாவது சாமி மட்டும் சின்ன எழுத்தில் நெருங்கி நின்றார். விக்ரம் பி.காம். கீழ்த்தளத்தில் பில் போடுகிறவன். அவனுக்குச் சுழல் நாற்காலி உண்டு. கம்ப்யூட்டரை நின்றுகொண்டு தட்ட முடியாது என்று முதலாளி நம்பினார். புடவையை நின்றுகொண்டுதான் காட்ட முடியும் என்றும் நம்பினார். அதனால் மேலே முகூர்த்தப் பட்டுப் பிரிவில் இருந்த சிம்ரனும் அகிலாவும் மற்றப் பெண்களும் ஷட்டர் ஏறியதிலிருந்து ஷட்டர் இறங்கும் வரை நின்றார்கள். சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு ஒட்டும், அலமாரியில் சாய்ந்தால் பட்டு கசங்கும். எதிலும் சாயாமல் நின்றார்கள்.

பிறகு அரசாங்கம் சட்டம் போட்டது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். ஒரு நாள் வேன் வந்து நின்றது. கவுண்டருக்கு ஒன்றாக, மெத்தை வைத்த ஸ்டூல்கள் இறங்கின. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்காரலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை, அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. டிபன் பாக்ஸை அதன் மேல் வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து எண்ணிப் பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார். ஸ்டூல்கள் சட்டப்படி இருந்தன. பெண்கள் வழக்கப்படி நின்றார்கள்.

சிம்ரன்தான் உட்கார்ந்தாள். ஆடி மாதம், கல்யாணம் இல்லாத மாதம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மதியம். டிபன் பாக்ஸை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் போட்டது. தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஏய், எழுந்திருடி. யாராச்சும் பாத்துடப் போறாங்க" என்றாள் அகிலா.

"பாத்தா இன்னா? உக்கார்றதுக்குத்தான குடுத்துக்கிறாங்க. இத வெச்சிப் பொங்கலா பொங்கப் போற?"

"நாங்கல்லாம் நிக்கல? எங்களுக்குக் காலு இல்ல?"

"இருக்குதில்ல? அதக் கொஞ்சம் மடக்கு."

மேனேஜர் ராமராஜன் மாடியேறி வந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் பார்த்தார்.

"கவர் கிழிஞ்சிடப் போவுதும்மா."

"கிழிஞ்சா பிரிச்சிடலாம் சார்."

அவர் இறங்கிப் போனார். வேலை போகவில்லை. சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் வேறு எவளும் உட்காரவில்லை. மாறாக, அவள் பக்கத்தில் இன்னும் விறைப்பாக நின்றார்கள். கொஞ்ச நாள் மதியச் சாப்பாட்டில் அவளுக்கு யாரும் ஊறுகாய் தரவில்லை. ஆள் இல்லாத போதெல்லாம் அவள் உட்கார்ந்தாள். ஆள் வந்தால் எழுந்தாள். "கச்சேரி ஆரம்பிச்சிட்டா" என்பார்கள், பிளாஸ்டிக் சத்தம் கேட்டால். வண்டியில் வீடு திரும்பும்போது அவள் விக்ரம் காதில் கத்துவாள். "பூட்டு கெடையாது, செயின் கெடையாதுபா. ஒரு பிளாஸ்டிக் கவரு. அத வெச்சே அத்தினி பேரையும் நிக்க வெச்சிக்கிறாங்க பாரு."

ஐப்பசி மழையில் அவளுக்கு டெங்கு வந்தது. செத்துப்போனாள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லாரும் விக்ரமைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்பது சும்மா. பதிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். "ஏசப்பான்னுதான சொன்னா?" என்றாள் மேரி. தலையாட்டினான். "மாமாவப் பாத்துக்கோன்னு சொன்னாளாமே" என்றார் அவன் அப்பா தனசேகரன். அந்த மாமா அவர்தான். அவரோடு அவள் பேச்சை நிறுத்தி ஒரு தீபாவளி கடந்திருந்தது. அதற்கும் தலையாட்டினான். "இன்னொரு கண்ணாலம் பண்ணிக்கோன்னு சொல்லிக்கினேதான் போயிருப்பா" என்றாள் வீட்டில் பெண் வைத்திருந்த ஒரு சொந்தக்காரி. தலையாட்டினான். எல்லாவற்றையும் கூட்டினால் சிம்ரன் சாகும்போது மைக் பிடித்துப் பேசியிருக்க வேண்டும்.

கடையில் அகிலாதான் அழுது ஓய்ந்த பிறகு, சிம்ரனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அவள் ஸ்டூலின் மேல் வைத்தாள். ஒரு முழம் மல்லி சாத்தினாள். யாரோ குங்குமம் வைத்தார்கள். அதன் மேல் யாரும் டிபன் பாக்ஸ் வைக்கவில்லை. அவ்வளவோடு முடிந்திருக்கும்.

ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது?" என்றாள்.

"எங்க கூட வேல செஞ்ச பொண்ணுங்க. வயசுப் பொண்ணு. பூவும் பொட்டுமா பூட்டா."

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புருஷனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவளை அந்தப் பக்கத்தில் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிட வேண்டும். அந்த அம்மாள் தன் வீட்டுப் பூவாடைக்காரிக்கும் எங்கோ இருக்கிற பூவாடைக்காரிக்கும் அதிக வித்தியாசம் பார்க்கவில்லை. கூறைப்புடவையைப் பையோடு ஸ்டூலில் வைத்துக் கும்பிட்டு எடுத்தாள். அடுத்து நின்ற குடும்பம் அதைப் பார்த்தது. அவர்களும் வைத்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை. முன்னால் போனவள் வைத்தாளே.

தை பிறப்பதற்குள் ஸ்டூலுக்கு வரிசை வந்துவிட்டது. ஆந்திராவிலிருந்து வந்த ஒருவர், "ஏ அம்மவாரண்டி?" என்று, எந்த அம்மன் என்று தெரியாமலே, பயபக்தியாகக் கேட்டார். கால் கடுத்துப் போயிருந்த அகிலா, "சிம்ரன் அம்மவாரு" என்றாள். அவரும் விழுந்து கும்பிட்டார்.

ராமராஜன் ஒன்றைக் கவனித்தார். ஸ்டூலில் வைத்து எடுத்த புடவையை யாரும் கலர் பிடிக்கவில்லை என்று மாற்ற வருவதில்லை. முதலாளியிடம் சொன்னார். முறைப்படி பூஜை போட்டுவிடலாம் என்று முடிவானது.

நேற்று ராமராஜன் பில் கவுண்டருக்கு வந்து விக்ரமின் தோளைத் தொட்டார்.

"நாளைக்கி நீ ரெண்டு வார்த்த பேசணும்பா. கடைசியா 'கஸ்டமரு காத்துக்கினு இருப்பாங்க, நா போவணும்'னு சொன்னாளாமே."

"யாரு சார் சொன்னது?"

"சொல்லியிருப்பாப்பா. தங்கமான பொண்ணு. நீ மைக்ல சொல்லிட்டீன்னா அதையே நம்ம கடை உறுதிமொழில சேத்துடலாம். இந்தப் பொண்ணுங்க தெனமும் காலைல சொல்லட்டும். கொஞ்சம் ஊக்கமா இருக்கும்."

கழுத்து ஆடிவிட்டது.

ராத்திரி முழுக்க அது அவனை உறுத்தியது. மற்றவர்கள் எடுத்துக்கொண்ட கடைசி வார்த்தை வீட்டோடு போயிற்று. இது அப்படி இல்லை. மைக்கில் சொன்னால் அதுதான் நிலைக்கும். உட்கார்ந்தவள் பெயரைச் சொல்லி மற்றவர்களை நிற்க வைப்பார்கள், தினமும்.

இன்றைக்குக் கடைக்குள் போனதும் மேரிக்குத் தட்டு நீட்டினார்கள். பூவை எடுத்துக்கொண்டாள். குங்குமத்தை எடுக்காமல், "அவளுக்கே வெச்சிட்டீங்கள்ல, போதும்" என்றாள். முகூர்த்தப் பிரிவில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஸ்டூலுக்கு முன்னால் குத்துவிளக்கு, தேங்காய், ஒரு பட்டுப்புடவை. படத்தில் சிம்ரன் அடையாள அட்டைக்கு முறைக்கிற முறைப்பில் இருந்தாள். நெற்றியில் குங்குமம் கண்வரை வழிந்திருந்தது. மேரி கைக்குட்டையால் அதைத் துடைத்தாள். பூசாரி மறுபடி வைத்தார். மேரி மறுபடி துடைத்தாள். மூன்றாவது தடவை பூசாரி விட்டுவிட்டார்.

உறுதிமொழி நடந்தது. வலது கையை நீட்டி, வாடிக்கையாளரே தெய்வம், பொறுமையே அழகு, புன்னகையே நகை என்று எல்லாரும் சொன்னார்கள். விக்ரமும் சொன்னான். வாய் பழகியிருந்தது.

ராமராஜன் மைக்கைப் பிடித்தார். "சிம்ரன் இந்தக் கடையோட பொண்ணு. சாவுற நேரத்துல கூட அவ நெனப்பு இந்தக் கவுண்டர்லதான் இருந்துது. கடைசியா இன்னா சொன்னான்னு வீட்டுக்காரரே சொல்லுவாரு. சொல்லுப்பா."

மைக் கைக்கு வந்தது. மேரி அவனையே பார்த்தாள். அவள் உதடு 'ஏசப்பா' என்று முன்கூட்டியே அசைந்தது. ராமராஜன் 'கஸ்டமரு' என்று வாயசைத்துக் காட்டினார்.

அகிலா வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினாள். அவளுக்கு நரம்புச் சுருட்டல். புடவைக் கரைக்குக் கீழே கணுக்கால் வீங்கித் தெரிந்தது. பக்கத்திலேயே ஸ்டூல் இருந்தது. அதில் சாமி இருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டூல்தான். அதில் விக்ரம் உட்கார்ந்திருந்தான். படுத்தே இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிம்ரன் சும்மா கேட்கிறவள் இல்லை. கையில் ஊசியோடு காலைக் கீழே போட்டு எழுந்து, அவன் தோளைத் தள்ளி ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடி கேட்டான். யார் யார் பேச்சையோ கேட்டிருக்கிறான், அது ஒன்றுதான் உருப்படி. கொஞ்ச நேரம், பக்கத்தில் நின்றவன் வயிற்றில் தலை சாய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசவில்லை.

விக்ரம் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தான். விளக்கை ஓரமாக நகர்த்தினான். படத்தைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். மல்லி உதிர்ந்தது. பூசாரி "ஐயோ" என்றார்.

"இன்னாப்பா பண்ற?" என்றார் ராமராஜன்.

"கடைசியா இன்னா சொன்னான்னு கேட்டீங்கள்ல சார்."

"அதுக்கு ஏன் படத்த எடுத்த?"

விக்ரம் மைக்கில் சொன்னான். கீழ்த்தளம் வரை கேட்டது. ஷட்டருக்கு வெளியே சீக்கிரமாக வந்து காத்திருந்த கல்யாண வீட்டாருக்கும் கேட்டிருக்கும்.

ராமராஜன் கழுத்தைச் சாய்த்து, இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார். வரவில்லை. மேரிக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஒருத்தி பிடிக்கப் போனாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "அவதான்," என்றாள், "வேற யாரும் இல்ல, அவளேதான்."

அகிலா ஸ்டூலைப் பார்த்தாள். ராமராஜனைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை பழைய மாதிரியே கத்தியது.

பிறகு எதிர்க் கவுண்டரில் ஒருத்தி உட்கார்ந்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் மொத்தப் பேரும் உட்கார்ந்துவிட்டார்கள், ஏன் என்று கேட்காமல். முன்னால் இருந்தவள் உட்கார்ந்தாளே. தளம் முழுக்க அப்பளம் நொறுங்கியது. தனியாக நிற்க என்னவோ போலிருந்ததோ என்னவோ, பூசாரியும் தரையில் சம்மணம் போட்டார். ராமராஜன் மட்டும் நின்றுகொண்டு, தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தார்.

சிம்ரன் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நவுருபா, நா கொஞ்சம் உக்காரணும்."