மாமா பாடினால் மாப்பிள்ளை மறைகிறார்

பெய்ரோங்கின் நிச்சயதார்த்த விருந்துக்கு மாப்பிள்ளை வரவில்லை. மனசில்லாமல் இல்லை, மூடுபனி. ஈஹாங் மாட்சூ தீவுகளில் ஒன்றில் வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறவன். ஏப்ரலில் அங்கே மூடுபனி இறங்கிவிட்டால் விமானம் தரையைவிட்டு எழும்பாது. அவனுடைய அப்பாவும் அம்மாவும் மூன்று நாள் முன்னதாகவே கப்பலேறி வந்து சேர்ந்துவிட்டார்கள். அவன் மட்டும் கடைசி முறைவேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று தங்கினான், மாட்டிக்கொண்டான்.

"ஊருக்கெல்லாம் மூடுபனி வருது, ஜாக்கிரதைன்னு சொல்ற பையன். தன் விசேஷத்துக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டானே!" என்று பெய்ரோங்கின் அம்மா காலையிலிருந்து ஐந்து பேரிடம் சொல்லிவிட்டாள்.

நாள் பார்த்துக் குறித்தது, மாற்ற முடியாது. பிங்டுங்கில் அவர்கள் வீட்டு வாசலில் தெருவை அடைத்துச் சிவப்புக் கூடாரம் போட்டு, முப்பத்திரண்டு மேஜை போட்டாகிவிட்டது. பின்னால் சமையல்காரர் பாங் அண்ணன் அடுக்கடுக்கான ஆவிப்பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே பெய்ரோங் தன் லேப்டாப்பை மேடையில் வைத்து, வாடகைப் பெரிய திரையோடு இணைத்தாள். ஈஹாங் திரையில் இருந்தபடியே விருந்தில் கலந்துகொள்வதாக ஏற்பாடு. அவளும் நானும் காவ்ஷியுங்கில் ஒரே அலுவலகத்தில் நெட்வொர்க் பார்க்கிறவர்கள். லினக்ஸ் தவிர வேறெதையும் அவள் தன் லேப்டாப்பில் ஏற்றமாட்டாள். வீட்டு ரவுட்டரிலிருந்து ஜன்னல் வழியாக நீளமான கேபிள் இழுத்து, முந்தின நாளே எல்லாம் சோதித்துவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு ஈஹாங் திரையில் வந்தான். கோட்டும் டையும் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, பின்னால் வெள்ளைவெளேரென்ற ஜன்னலோடு. கூடாரமே கை தட்டியது.

"எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

"நீ தலையைக் காட்டினாத்தானே சாப்பாடு! இப்பத்தான் உட்கார்றோம்!" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போதுதான் தியென்ஃபு மாமா மைக்கைப் பிடித்தார். பெய்ரோங்கின் தாய்மாமன். இந்த ஊர் விருந்தில் முதல் இருக்கை தாய்மாமனுக்கு. அவர் உட்காராமல் முதல் தட்டு வராது, அவர் பாடுகிறேன் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சொந்தமாக ஒரு கரோக்கி பெட்டி வைத்திருக்கிறார். பழையது, சூடாகிவிடும் என்று ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அணைத்துவிடுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிரிவுப் பாட்டு.

"படகேறிப் போனவனே, திரும்பிப் பாராயோ..." என்று தொடங்கினார்.

"டேய் தியென்ஃபு! நல்ல நாளும் அதுவுமா என்னடா பாட்டு அது?" என்று அவருடைய அக்கா, பெய்ரோங்கின் அம்மா, அதட்டினாள்.

திரையில் ஈஹாங் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனான். அப்புறம் திரை கறுத்தது.

"மாப்பிள்ளை படகேறிட்டாரு!" என்றது எட்டாம் மேஜை.

பெய்ரோங் சிவப்புக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேடை மேஜைக்கு அடியில் புகுந்தாள். கவுனின் வாலைத் தூக்கிப் பிடிப்பது தோழியான என் வேலை, ஆகவே நானும் பின்னால் தவழ்ந்தேன்.

"கேபிள் சரியா இருக்காடி?"

"பச்சை லைட் எரியுது."

லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துத் தட்டினாள். நெட்வொர்க் கருவி இயங்குகிறது, அதற்கான முகவரி எண்ணும் இருக்கிறது. ரவுட்டருக்குப் பிங் அனுப்பினாள், இருக்கிறாயா என்று தட்டிப் பார்க்கும் சின்னச் செய்திகள். முதல் நாலு காணாமல் போயின. ஐந்தாவதுக்குப் பதில் வந்தது, பிறகு வரிசையாக வந்தது. தலைக்கு மேலே கைதட்டல். மாமா பாட்டு முடிந்திருந்தது, ஈஹாங் திரும்பியிருந்தான்.

"தானா போச்சு, தானா வந்துடுச்சு" என்றேன்.

"தானா வர்றது தானா போகும். எனக்கு அது பிடிக்காது" என்றாள். பொய் இமைமுடியில் ஒன்று பாதி ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பாங் அண்ணன் எட்டிப் பார்த்தார். "பொண்ணு எங்கே? நண்டுச் சோறு தயாரா இருக்கு. ஆறிப்போனா என்னைத்தான் திட்டுவீங்க."

"மேஜைக்கு அடியில இருக்கா அண்ணே. ரெண்டு நிமிஷம்."

மாமா இரண்டாவது பாட்டை எடுத்தார். இதில் காதலன் ரயிலேறினான். திரை கறுத்தது.

இந்த முறை பெய்ரோங் முறையாக இறங்கினாள். பெயரைச் சொல்லித் தளத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. பெயரை விட்டு நேராக எண்ணைக் கொடுத்தாள், அதுவும் கிடைக்கவில்லை. "பெயர்ப் பட்டியல்ல கோளாறு இல்ல. அதுக்கு முன்னாடியே அடைப்பு." என்னை ரவுட்டரை அணைத்துப் போட வீட்டுக்குள் ஓடவிட்டாள். வேறு கேபிள் எடுத்துவரச் சொன்னாள். குதிகால் உயர்ந்த செருப்போடு நான் மூன்று தடவை ஓடினேன். அதற்குள் ரயில் பாட்டு முடிந்து, ஈஹாங் மறுபடி வந்து, தட்டில் இருந்த எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"நான் எங்கேயும் போகலை, இங்கேயேதான் இருக்கேன்" என்றான் பரிதாபமாக.

"போன்லயே கூப்பிட்டுக் காட்டிடலாமே?" என்று நான் கேட்டேன்.

பெய்ரோங்கின் அம்மா என்னை முறைத்தாள். "முப்பத்திரண்டு மேஜைக்கு, உள்ளங்கை அளவுல ஒரு மாப்பிள்ளையா?"

மூன்றாவது பாட்டுக்கு மாமா தொண்டையைச் செருமியபோது ஈஹாங்கின் அம்மா பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "என் பையனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பாட்டுன்னா ஆகாது. பாருங்க, மாமா வாயைத் திறந்தா ஓடிடறான்."

சுற்றிலும் சிரிப்பு. பெய்ரோங்கும் குலுங்கிச் சிரித்தாள், கவுனின் மணிகள் எல்லாம் சிணுங்கின. சட்டென்று நிறுத்தினாள். என் முழங்கையைக் கிள்ளினாள்.

"அடியே ரூயின். அத்தை சொல்றது நிஜம்டி."

மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக் கத்தினாள். "மாமா! இன்னொரு பாட்டுப் பாடுங்க! பெரிய பாட்டா!"

மாமா கையிலிருந்த மைக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் பாடி நான் பார்த்த விசேஷங்களில் அவரை யாரும் பாடச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. "என் கண்ணு கேட்டுட்டா, பாடாம இருப்பேனா?" பெட்டியை முடுக்கினார்.

பெய்ரோங் ஒரு கட்டளை அடித்தாள். இந்தத் தெருவில், அதாவது இந்தக் கூடாரத்து நெட்வொர்க்கில், என்னுடைய முகவரி வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்கும் கட்டளை. மாமா இழுத்த முதல் வரியோடு திரை கறுத்தது, லேப்டாப்பில் பதில் வந்தது: எனக்கு இருக்கிறது. அறியாத ஒரு கருவியிடமிருந்து. மறுபடி கேட்டாள், மறுபடி அதே பதில்.

"மாமா! உங்க பெட்டிக்கு நெட் கேபிள் போட்டிருக்கீங்களா?"

மாமா பாடிக்கொண்டே தலையாட்டினார். பாட்டின் நடுவே, ராகம் விடாமல், "புதுப் பாட்டு இறக்கலாமுன்னு நேத்து ராத்திரி சொருகினேனே..." என்று பாடினார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ரவுட்டர் கொடுக்கும் முகவரியை நம்பாமல், பெய்ரோங் தன் கையாலேயே ஐம்பது என்று ஒரு எண்ணை நிலையாகக் கொடுத்திருந்தாள். கரோக்கி பெட்டிக்கும் அதைச் செய்த எவனோ அதே ஐம்பதைக் கொடுத்திருக்கிறான். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. பெட்டி விழித்ததும் ஈஹாங்கின் முகமெல்லாம் கரோக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யார் தப்புடி இது?" என்று கேட்டேன்.

"வாயை மூடு."

"சொல்லுடி, யார் தப்பு?"

"என் தப்பு! போதுமா? ஆபீஸ்ல சொன்னே, தொலைச்சுடுவேன்."

முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றினாள், இணைப்பை அணைத்துப் போட்டாள். நூற்று ஏழு என்று புது எண் வந்தது. பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. பெரிய திரையில் ஈஹாங் மலர்ந்தான், மாமாவோ இன்னும் பாடிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தில்! பெய்ரோங் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் தூக்கினாள். விஷயம் புரியாவிட்டாலும் முப்பத்திரண்டு மேஜையும் கோப்பையைத் தூக்கியது. வெளியே பட்டாசு வெடித்தது. பாங் அண்ணன் நண்டுச் சோற்றை அனுப்பினார்.

"மாமா, அந்தப் பாட்டு எனக்கும் தெரியும்" என்றான் ஈஹாங்.

அவனும் சேர்ந்தான். மாமாவுக்கு அரை வரி பின்னாலேயே அவன் குரல் வந்துகொண்டிருந்தது. மாமா அவனுக்காக நிறுத்துவார், அவனும் மாமாவுக்காக நிறுத்துவான், பிறகு இருவரும் ஒரே சமயத்தில் தொடங்கி மறுபடி விலகுவார்கள். பெய்ரோங் சிரித்த சிரிப்பில் தொங்கிய இமைமுடி கழன்று அவள் சோற்றிலேயே விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள்.

மூடுபனி நான்காம் நாள்தான் விலகியது. ஈஹாங் பயணப்பெட்டியோடு நேராகப் பெய்ரோங் வீட்டுக்கு வந்தான். விருந்தில் மிஞ்சியதையெல்லாம் ஒரே சட்டியில் கொதிக்கவைத்து, தினமும் சூடுபண்ணி அவனுக்கென்று வைத்திருந்தாள் பெய்ரோங்கின் அம்மா. மூன்று கிண்ணம் குடித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து, எண்ணெய்க் கையோடேயே பெய்ரோங்கின் விரலில் போட்டான். வழுக்கிக்கொண்டு சுலபமாக ஏறியது.