பூஜ்யம் பார்க்காத மூன்று நாள்

காலை எட்டு மணிக்கே எனக்கு அலுப்பு வந்துவிடும். எலப்புள்ளிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கம்பெனியில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் செய்கிறோம். கையடக்க மீட்டரின் இரண்டு கவ்விகளைக் காயிலின் நுனிகளில் மாட்டி, எண்ணைப் படித்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று எழுதுவது என் வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு முறை. கனவிலும் எண்தான் வருகிறது, சனியன்.

இந்த வாரம் திங்கள் முதல் செல்வப்பிரியா அக்கா சுற்றிய காயில் ஒன்றுகூடத் தேறவில்லை. மின்தடை 1.2 ஓம் இருக்கவேண்டும், மீட்டர் 1.32 காட்டியது. மீட்டர் காட்டும் இன்னொரு அளவான இண்டக்டன்ஸ் மட்டும் இம்மி பிசகவில்லை. சுற்றின் எண்ணிக்கை தப்பியிருந்தால் அதுவும் மாறியிருக்கும். அப்படியானால் சுற்று சரி, கம்பிதான் மெலிசு. அக்கா ரீலை மாற்றி எடுத்துவிட்டார். சூப்பர்வைசர் பிஜு அப்படித்தான் முடிவுகட்டினார். நானும் தலையாட்டினேன்.

“லேபிளப் படிச்சுப் பாத்துத்தான் ரீல் எடுத்தேன் அம்மிணி,” என்றார் அக்கா. பன்னிரண்டு வருஷமாகச் சுற்றுகிறவர். “நானென்ன பொய்யா சொல்றேன்?”

“மீட்டர் அப்படிக் காட்டுதுங்கக்கா,” என்றேன். அடுத்த காயிலை எடுத்து மாட்டினேன்.

புதன்கிழமை சாயந்திரம் பிஜு என்னிடம் சொன்னார்: “நாளைக்கும் இதே போல வந்தா, பின்னே அவங்க வரண்டா.” அக்காவை வேலைக்கே வரவேண்டாம் என்கிறார்.

எங்கள் மேஜையில் சரியாக 1.2 ஓம் உள்ள மாதிரிக் காயில் ஒன்று உண்டு. தினமும் வேலை தொடங்குமுன் மீட்டரை அதில் சோதித்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்தைத் தவறாமல் போடுவேன். சோதிப்பதை விட்டுப் பல மாதமாகிறது. வியாழன் காலை ஏனோ மனசு கேட்கவில்லை. மாட்டினேன். மாதிரிக் காயிலும் 1.32 என்றது. கவ்விகளை ஒன்றோடொன்று சேர்த்தேன். பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் 0.12 நின்றது.

திங்களன்று மீட்டரின் பழைய வயர் அறுந்துபோய், நான்தான் புது வயர் மாட்டினேன். அது நீளம். நுனிகளைச் சேர்த்துப் பூஜ்யம் பட்டனை அமுக்கியிருந்தால் வயரின் தடையை மீட்டரே கழித்திருக்கும். நான் அமுக்கவில்லை. மற்றவர்கள் சுற்றுவது நாற்பது ஓம் காயில். அதில் இந்தத் துளி தெரியாது. அக்காவுடையதில் அது பத்தில் ஒரு பங்கு.

பிஜுவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“மேலே ரிப்போர்ட் போயாச்சு ஜீவிதா. இப்ப பூஜ்யம் பண்ணிக்கோ. இன்னைக்கு எல்லாம் பாஸ் ஆகும். அவங்க திருந்திட்டாங்கன்னு விட்டுடலாம். உன் பேரும் வராது.”

கேட்க இதமாகத்தான் இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ரெஜிஸ்டரை இழுத்து, மூன்று நாள் கையெழுத்தையும் அடித்து, ‘சோதிக்கவில்லை, ஜீவிதா’ என்று எழுதினேன். பிஜு அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

சற்று நேரத்தில் அக்கா வந்தார். முகத்தில் பெரிய கண்ணாடி. வாசற்படி தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னங்கக்கா இது?”

“கொழிஞ்சாம்பாறைல வாங்குனேன். ரோசன பண்ணிப் பாத்தேன் அம்மிணி. மீட்டர் எதுக்குப் பொய் சொல்லப்போகுது? எங்கண்ணுதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது. இதப் போட்டாத் தல சுத்துது, பழகிக்குவேன். இன்னைக்கு ஒருநா பாக்கச் சொல்லி பிஜு சார்கிட்ட நீதான் சொல்லோணும்.”

“கழட்டுங்கக்கா. உங்க மேல தப்பே இல்லீங்க. எல்லாம் நாஞ்செஞ்சது.” வயரையும் பூஜ்யத்தையும் பொய்க் கையெழுத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதையும் சொன்னேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். திட்டட்டும் என்று காத்து நின்றேன்.

“மூணு நாளா அரிசில கல்லுப் பொறுக்கக்கூட மகளத்தான் கூப்புட்டேன் அம்மிணி,” என்றார். “எங்கண்ண நானே நம்புல.”