இன்னும் மூன்று நாள் கடல்

மாடிப்படி வளைவில் ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது. அதை முன்னும் பின்னுமாகப் பிடித்திருந்த அமரர் ஊர்தி ஆட்கள் இருவரும், கீழ்ப்படியில் கைகளை விரித்து மறித்து நின்ற இறந்தவரின் மனைவியைப் பார்த்தார்கள். பிறகு இறந்தவரின் அண்ணனைப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற பதிவாளர் அவர். சாவு வீட்டிலும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றாதவர்.

"இன்னும் மூணு நாள் இருக்கு மாமா. தீவு வர்ற வரைக்கும் கீழே இறக்கக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருக்கார்."

"செத்தவனை மூணு நாள் மாடியில வச்சுக்க முடியுமா? மெதுவாப் பேசும்மா. கூடத்துல ஆளுங்க இருக்காங்க."

தம்பி லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடம் மேலும் கீழுமாகவே போய்வந்ததில், பக்கவாட்டில் வெகுதூரம் போக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. பாய்மரப் படகில் தன்னந்தனியாக எழுபத்தொரு நாள் போனால் ஒரு தீவு. அங்கே மனிதர்களைவிடப் பறவைகள் அதிகமாம். படகு வாங்குவதற்கு முன் ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்று மாடியறைக்குள் புகுந்துகொண்டார். கட்டில்தான் படகு. நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், டப்பாவில் அடைத்த சாப்பாடு, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அலாரம் வைத்துத் தூக்கம். மூன்றாம் நாள் குமட்டி வாந்தியும் எடுத்தார். அறுபத்தெட்டாம் நாள் காலை, கட்டிலின் தலைமாட்டில் தானே பொருத்தியிருந்த சுக்கானைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

பதிவாளர் தம் பணிக்காலத்தில் ஒரு பொய்ப் பத்திரத்துக்கும் முத்திரை குத்தியதில்லை. ஆனால் "தம்பி எங்கே காணோம்?" என்று தெருவில் ஒருவர் கேட்டபோது, மாடியில் கட்டிலை ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லக் குடும்ப மானம் இடம் கொடுக்கவில்லை. "கடல்ல போயிருக்கான்" என்றார். சொன்னதைக் காப்பாற்ற வாரம் ஒரு செய்தியும் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வாரம் புயல். ஒரு வாரம் திமிங்கிலம்.

இப்போது கடலில் இருந்தவன் வீட்டுக்குள் செத்திருக்கிறான். பதிவாளர் கூடத்துக்குப் போய்த் தொண்டையைச் செருமினார்.

"நடுக்கடல்ல திடீர்னு நெஞ்சுவலி. ஹெலிகாப்டர் வச்சுத்தான்..."

"விடுங்க சார்" என்றார் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர். "நேத்து சாயங்காலம்கூடப் பேசினோம்."

"யாரோட?"

"கேப்டனோட. சந்துப் பக்கத்து ஜன்னல்ல கூடை இறக்குவாரே. வாந்தி மாத்திரை நான்தான் அனுப்பினேன்."

பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் துணி காயப்போட வந்தா கையாட்டுவார். ஏதோ கப்பல் போகுதுன்னு நெனச்சுக்குவாராம். நானும் ரெண்டு தடவை ஆட்டிட்டு அப்படியே போயிடுவேன். நின்னா கப்பல் நின்ன மாதிரி ஆயிடும்ல?"

"அப்ப தெருவுக்கே தெரியுமா?"

"மூணாவது நாளே தெரியும்" என்றார் மருந்துக்கடைக்காரர். "நீங்க திமிங்கிலம் வரைக்கும் போயிட்டீங்க. உங்க வாயைப் பொய்யாக்க யாருக்கு சார் மனசு வரும்?"

பதிவாளரின் காது மடல்கள் சிவந்தன. முதுகு மட்டும் வளையவில்லை. அதே நிமிர்வோடு படிக்கட்டுக்குத் திரும்பினார்.

"அறுபத்தெட்டு நாள்ல ஒரு தடவைகூட இறங்கலையா அவன்?"

"கேஸ் சிலிண்டர் தூக்கக் கூப்பிட்டேன் மாமா. கப்பலைத் தனியா விட்டுட்டு வரமாட்டேன்னுட்டார்."

பதிவாளர் ஸ்ட்ரெச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கை விட்டுப்போகுது" என்றான் மேல்படியில் இருந்தவன்.

"நம்ம வீட்டு ஆள் பாதியில விட்டான்னு பேச்சு வரக்கூடாது. வழிவிடும்மா. பயணம் முடியலை. படகுதான் மாறுது. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அவள் கைகளை இறக்கினாள். சற்று யோசித்தாள். "அப்போ இன்னிக்குத் தண்ணி?"

"எடுத்து வை."

மூன்று லிட்டர் கேனோடு அவள் வண்டியின் பின்பக்கம் ஏறித் கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பதிவாளர் முன்னால், டிரைவருக்கு அருகில். மயானம் ஐந்து நிமிட தூரம். நாற்சந்தியில் டிரைவர் இடப்பக்கம் ஒடிக்கப்போனான்.

"நேராப் போ."

"சுடுகாடு லெஃப்ட்ல சார்."

"எனக்குத் தெரியும்."

"நேராப் போனா ஊரே முடிஞ்சிடும் சார். எதுவரைக்கும் போறது?"

"நான் சொல்ற வரைக்கும்."

டிரைவர் அவருடைய முகத்தைப் பார்த்தான். ஸ்டியரிங்கை நேராக்கினான். பதிவாளர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். வெளிப்பக்கக் கண்ணாடியில், பின்னால் வந்த மருந்துக்கடைக்காரரின் ஸ்கூட்டர் தெரிந்தது. இடப்பக்க விளக்கு மினுங்க அது சந்தியில் சற்றுத் தயங்கியது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு நேராக வந்தது. அதற்குப் பின்னால் தெருவின் மற்ற வண்டிகளும் வந்தன.