மேஸ்திரி விழுங்கினாரா?

1

இந்தக் கதை இரண்டு துப்பல்களுக்கு நடுவில் பிறந்தது. இதைவிட நாகரிகமான பிறப்பு ஒன்றைக் கொடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

முதல் துப்பல், ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவரின் மேசையில் கிடந்த விளம்பரத் தாளில் இருந்தது. பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் அரை நாள், ஐந்து வகை ஒயின், அந்த வட்டாரத்துச் சாப்பாடு, வாருங்கள், ருசியுங்கள் என்று அழைத்தது அந்தத் தாள். கடைசி வரியில், ஒயினை விழுங்க வேண்டியதில்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம், அதற்கு வாளி வைத்திருக்கிறோம் என்று இருந்தது. அவ்வளவு தூரம் போய் நல்ல சரக்கைத் துப்பிவிட்டா வருகிறார்கள் என்று அரை மணி நேரம் மனம் நொந்தேன்.

இரண்டாவது துப்பலை அந்த நண்பரே சொன்னார். அந்தக் காலத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஆவாரம் பட்டை ஊறிய தண்ணீரின் துவர்ப்பை அளக்கக் கருவி எதுவும் கிடையாதாம். மேஸ்திரி தோல் ஊறும் குழியில் விரலை விட்டு நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், துப்புவார், "இன்னும் மூணு கூடை பட்டை போடு" என்பார். ஆய்வுக்கூடம் அவ்வளவுதான்.

(என் தகுதிகளையும் சொல்லிவிடுகிறேன். நான் பிரான்சுக்குப் போனதில்லை. ஒயின் குடித்ததில்லை. இரண்டாவதை என் மனைவி நம்புவாள், நண்பர்கள் நம்பமாட்டார்கள்.)

2

தொடக்கம் ஒன்று: 1926ஆம் ஆண்டு, இளவெயில் தழுவிய திராட்சைத் தோட்டங்களின் நடுவே, தன்னந்தனியாக ஒரு

வேண்டாம். இளவெயில் எதையாவது தழுவினால் அந்த வாக்கியத்தை அங்கேயே கைவிடுவது என் வழக்கம்.

தொடக்கம் இரண்டு: ஆம்பூர் அப்துல் கரீம் சாயபுவின் தோல் ஷாப்பில் இருதயராஜ் மேஸ்திரி இருபத்திரண்டு வருடமாகத் துப்பிக்கொண்டிருந்தார்.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பட்டைத் தண்ணீரை விழுங்கியதில்லை. விழுங்கினால் வயிறு இரண்டு நாளைக்கு இறுகிக்கொள்ளும். ஆனால் வேறொன்றை அவர் விழுங்கிய காலம் உண்டு. 1918இல் விஷக்காய்ச்சல் வந்தபோது அவருடைய மூத்த மகன் சூசை, பதினோரு வயதுப் பையன், மூன்றே நாளில் போய்விட்டான். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியபோது தகப்பன் அங்கே இல்லை. கள்ளுக்கடைக்குப் பின்னால் மண்ணில் கிடந்தார். முதல் பிடி மண்ணை ஆரோக்கியமேரிதான் போட்டாள். தாய் மண் போடுகிற வழக்கமெல்லாம் அந்தப் பக்கத்தில் இல்லை. போட வேண்டியவர் இல்லாததால் போட்டாள்.

இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் விரிஞ்சிபுரத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மாதம் கழித்து, மாதா சுரூபத்தின் முன்னால் அவர் சத்தியம் செய்த பிறகுதான் திரும்பினாள். அப்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"ஒரு சொட்டு உன் தொண்டைக்குள்ள எறங்கிச்சின்னு தெரிஞ்சாலும் போய்டுவேன். அப்புறம் அந்த மாதாவே வந்து கூப்ட்டாலும் வர மாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள் அவள். 1926 வரை, ஏழு வருடமாக, மேஸ்திரியின் தொண்டை சுத்தமாக இருந்தது.*

* 'கிறிஸ்தவர்தானே, கோயிலில் திராட்சரசம் கொடுப்பார்களே' என்று கேட்கும் வாசகருக்கு: அந்தக் காலப் பூசையில் ரசம் குருவுக்கு மட்டும். மேஸ்திரிக்கு அப்பம்தான். இந்த ஓட்டை வழியாக இந்தக் கதையிலிருந்து யாரும் தப்பிக்க முடியாது.

3

இப்படிப்பட்ட மனிதரை நான் பிரான்சுக்கு அனுப்பியாக வேண்டும். எழுத்தாளனுக்கு இரக்கம் கம்மி.

கரீம் சாயபு அனுப்பிய ஆட்டுத் தோல்களில் கறை விழுந்திருப்பதாகத் தெற்குப் பிரான்சில் கையுறை தைக்கும் ஒரு முதலாளி கடிதம் எழுதினார். (ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். எப்படி எழுதினாலும் உச்சரிப்பைத் திருத்த ஒருவர் வருவார்.) கறை பட்டது குழியிலா கப்பலிலா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். சாயபு அவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். துணைக்கு, மார்செய் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த புதுச்சேரி ஆதிகேசவன் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். பிரெஞ்சுக்காரர்களின் மற்ற பழக்கங்களும் தெரியும்.

கப்பலில் நனைந்த கறைதான் என்று இருதயராஜ் தோலை மோந்து பார்த்தே சொல்லிவிட்டார். வழக்கு தீர்ந்தது. சந்தோஷத்தில் கையுறை முதலாளி, ஞாயிற்றுக்கிழமை தன் அத்தையின் கிராமத்தில் நடக்கும் ஒயின் ருசி பார்க்கும் விருந்துக்கு மூவரையும் அழைத்தார்.

"நான் எப்டி வர்றது? அது எனக்கு ஹராம்," என்றார் சாயபு தமிழில். "ஆனா வர மாட்டேன்னு சொன்னா அந்த ஆளு மனசு நோவும். மேஸ்திரி, நீ நம்ம ஷாப்பு சார்பா கிண்ணத்தை எடு."

"மொதலாளி, எனக்கும் சத்தியம் இருக்குது."

"அரே, பேஜார் பண்ணாதே. முழுங்கச் சொல்லலப்பா. வாயில வச்சி துப்பிடணுமாம். ஆதிகேசவன் சொல்றாரு."

இருதயராஜ் சற்று யோசித்தார். "துப்புறதுன்னா சரி. அது நம்ம வேலதானே?"

4

விருந்து ஒரு கல் கொட்டகையில். நீள மேசை, ரொட்டி, உப்பில் உலர்த்திய பன்றி இறைச்சி, வெள்ளாட்டுப் பாலில் செய்த பாலாடைக்கட்டி, அக்ரோட்டு என்னும் வால்நட் கொட்டை. மேசையின் கோடியில் துத்தநாக வாளி. வீட்டுக்காரி அந்த அத்தைதான், அறுபது வயது அம்மாள். ஆதிகேசவன் 'மதாம்' என்றார், எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

சாயபு, ரயில் சின்ன ஸ்டேஷனைக் கடப்பதுபோல் இறைச்சித் தட்டைக் கடந்து அக்ரோட்டில் போய் நின்றார். ஒவ்வொரு தடவை புட்டி திறக்கும்போதும் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார். தனக்கு ஆகாததை மற்றவர் குடிக்கும்போது முறைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இருதயராஜ் பாலாடைக்கட்டியை வாயில் போட்டதும் நிமிர்ந்தார். "மொதலாளி, நம்ம தோல் மண்டி வாசனை அடிக்குது." மூன்று துண்டு சாப்பிட்டார். ஊர் ஞாபகம் வந்தால் மனிதன் என்னதான் செய்வான்?

முதல் கிண்ணம் வந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் கிண்ணத்தைச் சுழற்றினார்கள், மோந்தார்கள். இருதயராஜ் அதற்குள் வலதுகை ஆள்காட்டி விரலை விட்டார்.

மற்ற கிண்ணங்கள் சுழல்வது நின்றது. அவர் விரலை நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார், பத்து எண்ணும் நேரம் அசையவில்லை. பிறகு இரண்டு கஜம் தள்ளியிருந்த வாளிக்குள் ஒரு பொட்டு சிந்தாமல் துப்பினார். இருபத்திரண்டு வருட அனுபவம்.

"பச்சத் தண்ணி. இன்னும் ஊறணும்," என்றார்.

ஆதிகேசவன் பிரெஞ்சில் சொன்னார். தலைகள் மெல்ல ஆடின. இரண்டாவதற்கு, "துவர்ப்பு ஜாஸ்தி, தோலு வெறைச்சிக்கும்" என்றார். மூன்றாவதை வாயில் வைத்து வெகுநேரம் நின்றுவிட்டு, "இத ஊத்தி வச்ச பீப்பா புதுசு. மரத்தோட துவர்ப்பு எறங்கியிருக்குது. பீப்பாய மாத்தச் சொல்லு" என்றார். அந்த ஒயினைச் செய்த திராட்சைத் தோட்டக்காரர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பீப்பாய் போன வருடம்தான் வாங்கியதாம். நான்காவது கிண்ணத்துக்கு எல்லோரும் ஒயினை விட்டுவிட்டு மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ரகசியமாக விரலை விட்டும் பார்த்தார்கள்.

(இந்த இடத்தில் என் கதாநாயகன்மேல் எனக்கே கொஞ்சம் பொறாமை வந்ததை மறைக்கப்போவதில்லை.)

5

நான்காவது கிண்ணத்துக்குப் பிறகு ஆதிகேசவன் மேஸ்திரியின் காதருகே குனிந்தார். தன் கிண்ணம் நான்கையும் அவர் துப்பவில்லை, அதனால் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தார்.

"அடுத்தது விசேஷம் மேஸ்திரி. மதாமோட புள்ள வச்ச கொடியில எடுத்தது. ஒரே புள்ள. ஜெர்மன் சண்டையில செத்துட்டான், ஒடம்புகூட வரல. வருஷா வருஷம் கடைசியா இத எல்லாரும் எழுந்து நின்னு குடிப்பாங்க. இத மட்டும் துப்ப மாட்டாங்க."

இதைச் சொல்லிவிட்டு வெளியே அக்ரோட்டு மரத்தடியில் போய்ச் சாய்ந்தவர், வண்டி புறப்படும்வரை எழுந்திருக்கவில்லை.

மதாம் உள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்தாள். வாளியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள். எல்லோரும் எழுந்தார்கள், தொப்பிகளைக் கழற்றினார்கள். சாயபுவும் எழுந்து நின்று மலையைப் பார்த்தார். சுவரில் கறுப்பு நாடா சுற்றிய படத்தில் ஒரு பையன் இருந்தான். மீசை அரும்பாத முகம்.

இருதயராஜ் இந்தத் தடவை விரலை விடவில்லை. கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் எடுத்துக்கொண்டார். மதாம் நேர் எதிரில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பெட்டியும், தான் அங்கே இல்லாமல் போனதும், முதல் பிடி மண்ணைப் போட்ட ஒரு கையும் அவருக்கு ஞாபகம் வந்தன. கண்ணில் நீர் முட்டியது. வாயில் ஒயின் இருந்தது.

அவர்

அவர் அதை

இங்கே நான்கு நாள் நின்றுவிட்டேன்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வெளியே போய் மரத்தடியில் துப்புகிறார். சத்தியத்தைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் அதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தை நீங்களும் பார்த்தீர்கள்.

இரண்டு: விழுங்குகிறார், ஊருக்கு வந்து உள்ளதைச் சொல்கிறார், ஆரோக்கியமேரி பெண்களோடு வண்டியேறுகிறாள். மாடு பாலாற்று மணலில் இறங்கும்வரை எழுதினேன். அதற்குமேல் வண்டியை ஓட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று: விழுங்கிவிட்டு, துப்பினேன் என்கிறார். யாருக்குத் தெரியும்? சாயபு மலையைப் பார்த்தார். ஆதிகேசவன் மரத்தடியில் கிடந்தார். மதாமுக்குத் தமிழ் தெரியாது. பிசிறில்லாத பொய். இதில் ஒரே சங்கடம், பொய் சொன்னால் இருதயராஜின் காது மடல் துடிக்கும், அது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும்.

(புறப்படும்போது மதாம் அவர் கையில் ஒரு கைக்குட்டை நிறைய அக்ரோட்டு கொடுத்தாள். இதைத் துப்பு என்று எண்ணிவிடாதீர்கள். எல்லோருக்கும்தான் கொடுத்தாள்.)

7

ஆக, ஆம்பூர். காலை பத்து மணி. ஆரோக்கியமேரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். கைக்குட்டை அவிழ்ந்து கிடக்கிறது. இருதயராஜ் விருந்தில் நடந்த எல்லாவற்றையும், ஐந்தாவது கிண்ணத்தைக் கையில் எடுத்தது வரைக்கும், சொல்லி முடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அவளுடைய முதல் கேள்வி முழுங்கினியா என்பதாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. எழுதுகிறவன் நான்தான், ஆனால் இந்த அம்மாளிடம் என் பேச்சு எடுபடுவதில்லை.

"அந்தப் பையனுக்கு இன்னா வயசு இருக்கும்?"

"படத்துல பாத்தா இருவது கூட இருக்காது."

"ஒடம்பு வரலியா?"

"வரலியாம்."

முறம் நின்றது. "அப்ப அந்தம்மா மண்ணுகூடப் போடல." முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "எல்லாரும் எழுந்து நின்னப்ப நீயும் நின்னியா?"

"நின்னேன்."

"கடேசி வரைக்கும்?"

"கடேசி வரைக்கும் நின்னேன் மேரி. எங்கயும் போவல."

அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எட்டு வருடமாக அவள் கேட்க நினைத்த கேள்வி இதுதான் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. இங்கேயே முடித்துவிடலாம் என்று பேனாவை மூடப் போனேன். அவள் விடவில்லை. ஓர் அக்ரோட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, அவர் காது மடலைப் பார்த்தபடி கேட்டாள்.

"சரி. முழுங்கினியா?"

பதில் இப்போது அவர் வாயில் இருக்கிறது. வெளியே விடுவதா, விழுங்கிவிடுவதா என்று தெரியாமல் அவர் என்னைப் பார்க்கிறார். நான் கரீம் சாயபுவைப்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆம்பூரிலும் பார்ப்பதற்கு மலை இருக்கிறது.

நீங்கள் அவருக்கு நேர் எதிரில்தான் இருக்கிறீர்கள்.